திரையில் ஒரு பட்டன், கையில் வேறொரு பட்டன்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

லீவு விட்டால் பிள்ளைகள் போனும் கேமுமாகவே கிடக்கிறார்கள் என்று இந்தப் பகுதிக்குப் பலர் எழுதுகிறார்கள். எழுதட்டும், நான் மறுக்கவில்லை. ஆனால் ஆட உட்கார்ந்த பிள்ளை எந்த இடத்தில் தடுமாறுகிறது என்று யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் திருப்பூர் அனுப்பர்பாளையத்தில் பனியன் பிரிண்டிங்குக்கு டிசைன் போடுகிறவன். பார்ட்டி கொடுக்கும் படத்தைக் கலர் கலராகப் பிரித்து பிலிம் எடுத்துத் தருவது என் பிழைப்பு. கல்யாணத்துக்கு முன்னால், சம்பளம் முழுசாகக் கையில் நின்ற காலத்தில், சோனியின் பிஎஸ்பி என்கிற கையடக்க கேம் மிஷின் ஒன்று வாங்கினேன். பேட்டரி ஊதிப்போய் அது பரணுக்குப் போய் ரொம்ப நாளாயிற்று. நல்லவேளை, என் கேம் டிஸ்க்குகளை முன்பே கம்ப்யூட்டருக்கு ஏற்றி வைத்திருந்தேன். இப்போது பிபிஎஸ்எஸ்பிபி என்ற இலவச எமுலேட்டரில் அவற்றை ஓட்டுகிறேன். எமுலேட்டர் என்பது பழைய மிஷின் மாதிரியே நடந்துகொள்ளும் ஒரு மென்பொருள், அவ்வளவுதான்.

கோபியிலிருந்து தங்கச்சி மகள் லீவுக்கு வந்தாள். ஏழு வயசு, தமிழ் மீடியம். பாட்டின் தாளத்துக்குத் தகுந்தபடி திரையில் ஒரு குறி விழும், அதே குறியுள்ள பட்டனை அமுக்க வேண்டும் என்கிற விளையாட்டைப் போட்டுக் கொடுத்தேன். முக்கோணம் விழுந்தது. அவள் பேடை, அதாவது பட்டன்கள் உள்ள கைப்பிடியை, திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மாமா, இதுல முக்கோணம் எங்கீங்க?"

முக்கோணம் இல்லை. கோயமுத்தூரில் நான் வாங்கிய பேடில் இருப்பது ஏ, பி, எக்ஸ், ஒய். வாங்கும்போதே கேட்டேன், கடைக்காரர் "எல்லாம் ஒன்னுதானுங்க" என்றார்.

ஒன்று இல்லை. 1990இல் வந்த நின்டெண்டோ கம்பெனியின் சூப்பர் ஃபேமிகாம் என்ற கேம் மிஷினில் ஏ வலப்பக்கம், பி கீழே, எக்ஸ் மேலே, ஒய் இடப்பக்கம். 2001இல் வந்த மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸில் ஏ கீழே, பி வலப்பக்கம், எக்ஸ் இடப்பக்கம், ஒய் மேலே. சோனி 1994இல் தன் பிளேஸ்டேஷனில் எழுத்தே வேண்டாம் என்று முக்கோணம், வட்டம், பெருக்கல் குறி, சதுரம் என்று போட்டது. அந்தப் பெருக்கல் குறியையும் ஆடுகிறவர்கள் எக்ஸ் என்றுதான் சொல்கிறார்கள். அது இருப்பது கீழே. ஆக, எக்ஸை அமுக்கு என்றால் மேலே, கீழே, இடப்பக்கம் என்று மூன்று இடம். ஒரே பெயரில் பல ஊர் இருக்கிற நம் பக்கத்தில் புதுப்பாளையம் என்று மட்டும் சொல்லி பஸ் ஏறின கதை. இது போதாதென்று, ஜப்பானில் வெகுகாலம் வட்டம்தான் 'சரி', பெருக்கல் குறி 'வேண்டாம்'. மற்ற நாடுகளில் பெரும்பாலும் தலைகீழ். 2020இல் பிளேஸ்டேஷன் 5 (பிஎஸ்5) வந்தபோதுதான் எல்லா நாட்டுக்கும் ஒரே முறை என்று ஆக்கினார்கள்.

முதலில் பட்டன் மேல் ஸ்டிக்கர் வெட்டி ஒட்டினேன். பிள்ளையின் விரல் வேர்வையில் மறுநாளே சுருண்டு வந்துவிட்டது. அப்புறம்தான் உறைத்தது, மாற்ற வேண்டியது பேடை அல்ல, திரையை.

போனில் ஆடுகிறவர்கள் ஒன்றைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். கண்ணாடி மேல் தெரிகிற தொடு பட்டன்கள் எமுலேட்டர் வரைவது. அவற்றை செட்டிங்கிலேயே நகர்த்தலாம், பெரிதாக்கலாம். கேமுக்குள் விழுகிற முக்கோணம் அப்படியல்ல, கேம் செய்தவர்கள் வரைந்து டிஸ்க்கில் வைத்த படம். பிஎஸ்பிக்கு அதன் உடம்பிலேயே இருக்கிற பட்டன்கள்தான் என்பதால் வேறு பேடைப் பற்றி அவர்கள் யோசிக்கத் தேவையே இருக்கவில்லை.

அந்தப் படத்தை எடுத்து மாற்ற எமுலேட்டரிலேயே வழி இருக்கிறது. டெவலப்பர் டூல்ஸ் என்ற பகுதியில் படங்களைச் சேமிக்கச் சொல்லிவிட்டு ஆடினால், திரைக்கு வரும் ஒவ்வொரு படமும் பிஎன்ஜி கோப்பாக ஒரு ஃபோல்டரில் விழும். கோப்புக்குப் பெயர் என்று பார்த்தால் எண்ணும் எழுத்துமாக ஒரு நீளச் சரம். படத்தின் தரவிலிருந்து கணக்குப் போட்டு வரும் அடையாளம் அது. அதைத் தொடக்கூடாது, அதை வைத்துத்தான் எமுலேட்டர் படத்தைத் திரும்பக் கண்டுபிடிக்கிறது. நூற்றுக்கணக்கில் விழுந்ததில் வானம், தரை, முகம் எல்லாம் தள்ளி, நான்கு குறியும் ஒன்றாக இருந்த ஒரே ஒரு சின்னப் படத்தைத் தேடி எடுக்க ஒரு ராத்திரி போயிற்று. அதை நாலு மடங்கு பெரிதாக்கி, குறிகளின் இடம் நகராமல் மேலே புதிதாக வரைந்து, அதே பெயரில் கேமின் டெக்ஸ்சர் (திரைக்கு வரும் படங்கள்) ஃபோல்டரில் வைத்தேன். மாற்றுப் படத்தைக் காட்டச் சொல்லும் இன்னொரு செட்டிங்கையும் போட்டால் வேலை முடிந்தது. பிஎஸ்2க்கான பிசிஎஸ்எக்ஸ்2, நின்டெண்டோவின் கேம்கியூப், வீ இரண்டுக்குமான டால்ஃபின் ஆகிய எமுலேட்டர்களிலும் ஏறக்குறைய இதே வழிதான்.

இருபது வருஷமாக டிசைன் போடுகிறவன், முதல் தடவை பின்னணியை வெள்ளையாகவே விட்டுவிட்டேன்! குறியைச் சுற்றி வெள்ளைக் கட்டம் கட்டிக்கொண்டு விழுந்தது. கருப்பு பனியனில் அப்படி ஒரு பிரிண்ட் போயிருந்தால் பீஸ் மொத்தமும் செக்கிங்கில் திரும்பியிருக்கும். பின்னணியைக் கண்ணாடி மாதிரி ஆக்கிச் சேமித்த பிறகுதான் சரியாயிற்று.

முதலில் வரைந்தது ஏ, பி, எக்ஸ், ஒய் எழுத்துகளைத்தான். அதுவும் உதவவில்லை. விழுகிற வேகத்தில் அவள் இங்கிலீஷ் எழுத்தைப் படித்து, பேடில் தேடி, அமுக்குவதற்குள் பாட்டு முடிந்துவிடும். அதனால் எழுத்தையும் அழித்தேன். பட்டன்கள் இருக்கிற மாதிரியே நான்கு புள்ளி வைத்து, அமுக்க வேண்டியதை மட்டும் பெரிதாக மஞ்சளில் நிரப்பினேன், மற்ற மூன்றும் வெறும் வளையம். பார்த்ததும் "கோலப் புள்ளிங்களா மாமா?" என்றாள். அதற்குப் பிறகு குனிந்து பேடைப் பார்க்கவே இல்லை.

கேம் எழுதப் பழகும் நம் கோவை, ஈரோடு கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. பட்டன் படத்தை ஆடுகிறவரே தேர்ந்தெடுக்க செட்டிங்கில் ஓர் இடம் வையுங்கள். அதில் புள்ளிப் படமும் ஒன்றாக இருக்கட்டும். பேடில் என்ன பெயர் எழுதியிருந்தாலும் மேல் மேல்தான், கீழ் கீழ்தான். சிவப்பு பச்சை பிரித்துப் பார்க்க முடியாதவர்களுக்கும், எழுத்துக் கூட்ட வராத பெரியவர்களுக்கும் இது ஆகும். நான்கு சின்னப் படம், அரை நாள் வேலை.

லீவு முடிந்து கோபிக்குப் போனவள் போன வாரம் கூப்பிட்டாள். அவள் பெரியப்பா வீட்டுப் பையனிடம் இருப்பது நின்டெண்டோ வகைப் பேடாம், எழுத்தெல்லாம் இடம் மாறி இருக்கிறதாம், ஆனாலும் புள்ளியைப் பார்த்து இரண்டு பேரும் ஆடுகிறார்களாம். ஒரே ஒரு குறைதான் சொன்னாள். "சேவ் பண்ற எடத்துல மட்டும் பழைய குறியே வருதுங்க மாமா." அந்தத் திரையை வரைவது கேம் அல்ல, எமுலேட்டர். அதற்கு என்ன செய்யலாம் என்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
பனியன் பிரிண்டிங் டிசைனர் ஒருவர்,
அனுப்பர்பாளையம், திருப்பூர்.