மாணவர் செயற்கைக்கோள்: ஏவிய மறுநாள் என்ன ஆகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மாணவர்கள் செய்த செயற்கைக்கோள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பினால் மறுநாள் நாளிதழ்களில் படம் வருகிறது. அது பேசியதா, எத்தனை நாள் பேசியது என்பது அநேகமாகச் செய்தியாவதில்லை. 2009 ஏப்ரல் 20-இல் அண்ணா பல்கலைக்கழகத்தின் 40 கிலோ அனுசாட் போனது. பிறகு எஸ்ஆர்எம்சாட் (2011), சத்யபாமாசாட் (2016), குமரி மாவட்டத்திலிருந்து நியுசாட் (2017). அடுத்து இந்த முயற்சியில் இறங்கப்போகும் கல்லூரிகளுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் மின்சாரக் கணக்கு. கியூப்சாட் எனப்படும், 10 செ.மீ. பக்கமுள்ள கனசதுரச் செயற்கைக்கோளில் ஒரு பக்கத்துக்கு இரண்டு சோலார் செல் ஒட்டலாம். வெயில் நேராக விழுந்தால் 2 வாட்டுக்குச் சற்று மேல். 500 கி.மீ. உயரத்தில் ஒரு சுற்றுக்கு 95 நிமிடம். அதில் 35 நிமிடம் வரை பூமியின் நிழல். கோள் உருண்டுகொண்டே போவதையும் மின்னழுத்த மாற்றிகளில் போகும் இழப்பையும் கழித்தால், சராசரியாகக் கையில் நிற்பது ஒன்றேகால் வாட். 1 வாட் சிக்னல் அனுப்பும் டிரான்ஸ்மிட்டர் 3 வாட்டுக்கு மேல் இழுக்கும். ஆகவே அது சுற்றுக்குச் சில நிமிடங்கள்தான் ஓடலாம். இந்தக் கணக்கைப் போடுமுன்பே கேமரா வாங்குகிறவர்கள் உண்டு.

அதைவிடப் பொல்லாதது கடிகாரம். கியூப்சாட் விதிப்படி, ராக்கெட்டிலிருந்து பிரிந்து 30 நிமிடம் கழித்தே ஆன்டெனாவை விரிக்கலாம். 45 நிமிடம் கழித்தே சிக்னல் அனுப்பலாம். பேட்டரி இறங்கியிருந்தால் கணினி நடுவில் ரீசெட் ஆகும், எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து தொடங்கும். இப்படியே திரும்பத் திரும்ப நடந்தால் 45-ஆவது நிமிடம் வரவே வராது. தரையில் இருப்பவர்களுக்குக் கோள் செத்துவிட்டதாகத்தான் தோன்றும். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் உருவான கிக்சாட் என்ற கியூப்சாட், 2014 ஏப்ரல் 18-இல் போனது. 16 நாள் கழித்து 104 குட்டிக் கோள்களை அது வெளியே விட வேண்டும். ஏப்ரல் 30-இல் கடிகாரம் ரீசெட் ஆகி, 16 நாள் கணக்கு மறுபடி முதலிலிருந்து ஓடியது. தரையிலிருந்து கட்டளை கொடுக்கலாமென்றால், ரிசீவரை இயக்குமளவுக்குப் பேட்டரியில் சார்ஜ் இல்லை. மே 14-இல் அப்படியே வளிமண்டலத்தில் எரிந்தது. கடந்த நேரத்தை மின்சாரம் போனாலும் அழியாத நினைவகத்தில் மூன்று இடங்களில் எழுதி, இரண்டு ஒத்துப்போவதை ஏற்க வேண்டும். ரிசீவர் இயங்குவதை எந்த நிபந்தனைக்கும் கட்டக் கூடாது. கோளில் கடைசியாக அணைய வேண்டியது அதுதான்.

ஆன்டெனா பெரும்பாலும் தச்சரின் அளவு நாடா போன்ற எஃகுப் பட்டைதான். 145 மெகாஹெர்ட்ஸுக்கு அரை மீட்டர் நீளம். அதைச் சுருட்டி நைலான் இழையால் கட்டி, நைக்ரோம் கம்பியைச் சூடாக்கி அறுப்பார்கள். மேசையில் முழு சார்ஜில் மூன்று நொடியில் அறுந்தது, குளிரில் சோர்ந்த பேட்டரியில் அறாமல் போகலாம். வெற்றிட அறையில், மைனஸ் 20 டிகிரியில், குறைந்த மின்னழுத்தத்தில் சோதியுங்கள். கம்பி இரண்டு, அவற்றுக்கு மின்வழியும் இரண்டு இருக்கட்டும். ஒருமுறை முயன்றதுமே ‘விரிந்தாயிற்று’ என்று குறித்துக்கொள்ளும் மென்பொருளை எழுதாதீர்கள்.

தரைநிலையத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்பதுதான் எனக்குக் கோபம் வரும் இடம். துருவப் பாதையில் போகும் கோள் நம் வானத்தில் நாளுக்கு நான்கைந்து முறைதான் வரும். ஒவ்வொரு முறையும் மிஞ்சினால் பத்துப் பன்னிரண்டு நிமிடம். நொடிக்கு 1200 பிட் வேகத்தில் பத்து நிமிடத்துக்கு 90 கிலோபைட்கூடத் தேறாது. கோள் நெருங்கி வந்து விலகிப் போகும் வேகத்தால் அதிர்வெண் மாறுவதுதான் டாப்ளர் விலகல்; 437 மெகாஹெர்ட்ஸில் அது இருபுறமும் 10 கிலோஹெர்ட்ஸ் வரை போகும். சாதாரண கேபிளில் 20 மீட்டர் இறங்குவதற்குள் சிக்னலில் பாதிக்கு மேல் கரைந்துவிடும். எனவே வரும் சிக்னலை வலுப்படுத்தும் முன்பெருக்கியை மாடியில், ஆன்டெனாவின் அடியிலேயே வையுங்கள். ஐப்பசி மழையில் கனெக்டருக்குள் தண்ணீர் இறங்கும். ரப்பர் டேப் சுற்றாமல் விடாதீர்கள். ஒரே ராக்கெட்டில் பல கோள்கள் போனால், முதல் சில நாள் எது நம்முடையது என்று கோள்களின் சுற்றுப்பாதைப் பட்டியலைப் பார்த்துச் சொல்ல முடியாது. டாப்ளர் விலகல் நேரத்தோடு மாறும் வளைவை ஒப்பிட்டுத்தான் பிரித்தறிய வேண்டும். ஏற்கெனவே பறக்கும் கோள்களை ஓராண்டு கேட்டுப் பழகியவர்களுக்கே அது கைவரும். மற்றக் கோள்களோடு மோதாத அதிர்வெண்ணைப் பெறும் ஒருங்கிணைப்புக்கும் ஹாம் (அமெச்சூர் வானொலி) உரிமத்துக்கும் வடிவமைப்புத் தொடங்கும் ஆண்டிலேயே விண்ணப்பித்துவிடலாம்.

இன்னொன்று: செய்த பேட்ச் பட்டம் வாங்கிப் போன பிறகுதான் பல நேரம் ராக்கெட்டில் இடம் கிடைக்கிறது. பறக்கும் கோளில் உள்ள அதே போர்டுகளின் இரண்டாவது தொகுதி ஒன்று, அதே மென்பொருளுடன், ஆய்வக மேசையில் இருக்க வேண்டும். மேலே அனுப்பும் எந்தக் கட்டளையையும் புதிய மாணவர்கள் முதலில் அதற்குக் கொடுத்துப் பார்க்கட்டும். இந்தத் தொகுதியைத்தான் பட்ஜெட்டில் முதலில் வெட்டுகிறார்கள்.

இப்படிக்கு,
தரைநிலையப் பணியில் உள்ள வாசகர், குரோம்பேட்டை