எங்கள் பால்வாடிக்கு ஒரு டீச்சர் வேண்டும்

அனுப்புநர்:
குகை பகுதித் தாய்மார்கள்,
சேலம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
சேலம் மாவட்டம்.

பொருள்: ஏழு மாதமாக டீச்சர் இல்லாத எங்கள் அங்கன்வாடி மையத்துக்கு நிரந்தரப் பணியாளர் நியமிக்கக் கோருதல் – மூன்றாவது மனு.

மதிப்பிற்குரிய அய்யா அவர்களுக்கு,

வணக்கம். ஆடியில் வண்டி வேடிக்கை நடக்கும் குகையைப் பற்றித் தங்களுக்கு நாங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இங்குள்ள சந்துகளில் வீட்டுக்கு வீடு வெள்ளிக் கொலுசு வேலை. பட்டறையிலிருந்து எடைபோட்டு வாங்கி வந்து, முடித்து, எடைபோட்டுத் திருப்பிக் கொடுக்கிறோம். ஜூனில் ஒரு மனு, ஆகஸ்டில் ஒரு மனு உரிய அலுவலகத்தில் கொடுத்தோம். ரசீது இரண்டும் இத்துடன் இணைத்திருக்கிறோம். பதில் ஒன்றும் வரவில்லை. அதனால்தான் தங்களிடம் வருகிறோம்.

1. கடந்த ஏப்ரலில் எங்கள் டீச்சர் ஓய்வு பெற்றார். அந்த இடத்துக்கு இதுவரை யாரும் வரவில்லை. வேறொரு மையத்து டீச்சர் கூடுதல் பொறுப்பாகச் செவ்வாய், வெள்ளி மட்டும் வருகிறார். அவரைக் குறை சொல்ல மாட்டோம். அவருக்கும் அங்கே பிள்ளைகள் இருக்கிறார்கள்.

2. பீரோ சாவி அவரிடம்தான் இருக்கிறது. விளையாட்டுச் சாமான், படப் புத்தகம், எடை பார்க்கும் மெஷின் எல்லாம் பீரோவுக்குள். மாதம் தவறாமல் எடை பார்த்து அட்டையில் குறிக்க வேண்டும். எல்லோருக்காகவும் இந்த மனுவை எழுதுகிறவள் நான். என் மகன் அட்டையில் ஏப்ரலுக்குப் பிறகு ஒரு புள்ளிகூட இல்லை.

3. மற்ற நாட்களில் ஆயாம்மா ஒருவர்தான். 22 பிள்ளைகள். அடுப்பு மூட்டுவது, சோறு வடிப்பது, முட்டை உரிப்பது, ஊட்டுவது, கால் கழுவிவிடுவது எல்லாம் அவரே. தண்ணீர் பிடிக்கப் போகும்போது கிரில் கதவை வெளியே பூட்டிவிட்டுத்தான் போகிறார். பூட்டாமல் போனால் பிள்ளைகள் ரோட்டுக்கு ஓடிவிடும், அவர் வேறு என்ன செய்வார்? ஒருநாள் அந்த வழியாகப் போனேன். ஏழெட்டுப் பிள்ளைகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றன. ஒரு குழந்தை கம்பிக்கு வெளியே கையை நீட்டி, "டீச்சர் வந்துட்டாங்களா?" என்று என்னிடம் கேட்டது. உள்ளே அடுப்பில் பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது.

4. முன்பு சாயங்காலம் நான்கு மணிக்குத்தான் அழைத்து வருவோம். இப்போது சாப்பாடு முடிந்ததும் ஒரு மணிக்கே அனுப்பிவிடுகிறார்கள். இதுதான் எங்களுக்குப் பெரிய வேதனை. அந்த நேரத்தில் நாங்கள் கேஸ் தீயில் சலங்கை பற்றவைத்துக்கொண்டிருப்போம். பக்கத்திலேயே ஆசிட் கிண்ணம் இருக்கும். பத்துக்குப் பத்து அறையில் தீயும் ஆசிட்டும் மூன்று வயதுப் பிள்ளையும் ஒன்றாக இருக்கலாமா அய்யா? போன மாதம் என் மகன் தண்ணீர் என்று நினைத்து அந்தக் கிண்ணத்தைத் தூக்கிவிட்டான். நான் தட்டிவிட்டதால் அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. என் கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோல் வழன்றுவிட்டது. பதினைந்து நாள் வேலை இல்லை. அது அவன் வாய்க்குப் போயிருந்தால்? அன்றிலிருந்து அவன் தூங்கினால்தான் கேஸைப் பற்றவைக்கிறேன். தூங்காத நாளில் அவன் இடுப்பில் என் பழைய துப்பட்டாவைக் கட்டி, கட்டில் காலோடு முடிந்துவைக்கிறேன். பெற்ற பிள்ளையைக் கட்டிப்போட்டு வேலை பார்க்கிறேன் அய்யா. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. பக்கத்து வீட்டிலும் இப்படித்தான்.

5. அங்கன்வாடி என்றால் சோறும் சத்துமாவும் மட்டும்தானா? 1975-ல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் ஆறு சேவைகளில் முன்பருவக் கல்வியும் ஒன்று. 2019-ல் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் உள்ள 2,381 மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினார்கள். எங்கள் மையம் வாடகைக் கட்டடம், அந்தப் பட்டியலில் இல்லை. சரி, அதை நாங்கள் கேட்கவில்லை. இருந்த ஒரு டீச்சரைத்தான் கேட்கிறோம். பழைய டீச்சர் இருந்தபோது என் மூத்த மகள் பாட்டும் கதையும் வீட்டில் வந்து சொல்லுவாள், நிறம் எல்லாம் சொல்லுவாள். இவன் ஏழு மாதத்தில் கற்றுக்கொண்டது தட்டை ஏந்தி வரிசையில் நிற்பது மட்டும்தான்.

6. தனியார் பள்ளியில் சேர்க்க வேண்டியதுதானே என்று ஒருவர் எங்களிடமே கேட்டார். பணம் இருந்தால் நாங்கள் ஏன் மனுவோடு அலைகிறோம்?

7. அலுவலகத்தில் கேட்டால் "போஸ்டிங் போட்டால் வருவார்" என்கிறார்கள். போஸ்டிங் எப்போது என்றால் "மேலே கேளுங்கள்" என்கிறார்கள். மேலே என்றால் யார் அய்யா? ஒவ்வொரு முறை வரும்போதும் அரை நாள் கூலி போகிறது. பிள்ளையையும் தூக்கிக்கொண்டுதான் வருகிறோம். விட்டுவர இடம் ஏது?

ஆகவே அய்யா அவர்கள் தயவுகூர்ந்து எங்கள் மையத்துக்கு ஒரு நிரந்தர டீச்சரை நியமிக்க உத்தரவிட வேண்டுகிறோம். அதற்கு நாளாகும் என்றால் அதுவரை தினமும் வருகிற மாதிரி ஒருவரையாவது போடுங்கள். நான்கு மணிவரை மையம் திறந்திருக்க வேண்டும். அப்புறம் அந்த பீரோவுக்கு இன்னொரு சாவி செய்து ஆயாம்மாவிடம் கொடுக்கச் சொல்லுங்கள்.

ஒருநாள் முன்னறிவிப்பு இல்லாமல் பதினொரு மணிக்கு நேரில் வந்து பாருங்கள் அய்யா. செவ்வாய், வெள்ளி வேண்டாம். புதன்கிழமை வாருங்கள். டீச்சர் இல்லாமல் எங்கள் பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று தாங்களே பார்ப்பீர்கள்.

எங்களுக்கு ஒரு டீச்சர் வேண்டும் அய்யா.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
குகை பகுதித் தாய்மார்கள்
(19 பேர் கையொப்பமும் கைநாட்டும் பின்பக்கம்)

இணைப்பு: மனு ரசீது நகல் – 2, குழந்தையின் எடை அட்டை நகல் – 1