எண்ணெய்க்குள் ஊற்றும் எண்ணெய்

கோயம்புத்தூர்

அன்புள்ள ராஜகோபாலுக்கு,

உன் கடிதமும், அதனுடன் நீ வைத்திருந்த சர்வீஸ் சென்டர் எஸ்டிமேட்டின் நகலும் கிடைத்தன. பேத்தி பிறந்த செய்தியைக் கடைசி வரியில் போட்டுவிட்டு, முன்பக்கங்கள் முழுவதையும் காருக்கு ஒதுக்கியிருக்கிறாய். நீ மாறவே இல்லை. தாயும் சேயும் நலம் என்று அறிந்து எங்கள் இருவருக்கும் மிகுந்த மகிழ்ச்சி. எஸ்டிமேட்டில் சேர்த்திருக்கும் பாட்டில்களெல்லாம் காருக்குத் தேவைதானா என்ற உன் கேள்விக்கு விரிவாகவே பதில் எழுதுகிறேன். பாலிடெக்னிக்கில் காலமெல்லாம் ஆட்டோமொபைல் பாடம் நடத்தியவனிடம் சுருக்கமான பதில் கிடைக்காது என்பது உனக்குத் தெரியாததல்ல.

எஸ்டிமேட்டில் இன்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர் ஆகியவற்றுக்குக் கீழே நான்கு பாட்டில்களைச் சேர்த்திருக்கிறார்கள்: இன்ஜின் ஃப்ளஷ், ஆயில் ட்ரீட்மென்ட், ஃப்யூயல் சிஸ்டம் கிளீனர், ஆக்டேன் பூஸ்டர். அந்த நான்கின் விலையைக் கூட்டினால் ஆயிலின் விலையையே தாண்டுகிறது. மூன்றாவதைத் தவிர மற்றவற்றை அடித்துவிடச் சொல். மூன்றாவதும் இப்போதைக்கு அவசியமில்லை, ஆனால் அதற்கு ஒரு நியாயம் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

நாம் இன்ஜின் ஆயில் என்று வாங்குவது வெறும் எண்ணெய் அல்ல. அழுக்கைக் கழுவவும், எரிபொருள் எரிவதால் உண்டாகும் அமிலத்தை முறிக்கவும் கால்சியம், மெக்னீசியம் சேர்ந்த டிடர்ஜென்ட். கரித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டுவிடாமல் மிதக்க வைக்க டிஸ்பர்ஸன்ட். சூட்டில் அளவுக்கு மீறி நீர்த்துப் போகாமலிருக்கப் பாலிமர். நுரை அடங்கத் துளியளவு சிலிக்கோன். உலோகத்தோடு உலோகம் உரசும் இடங்களில் தேய்மானத்தைத் தடுக்கத் துத்தநாகமும் பாஸ்பரசும் கலந்த ஜிடிடிபி என்று அத்தனையும் சேர்ந்துதான் டப்பாவில் அடைபட்டு வருகின்றன. இதில் ஜிடிடிபியின் வேலை அழகானது. அது சூட்டிலும் அழுத்தத்திலும் சிதைந்து, உரசும் பரப்பின் மீது கண்ணாடி போன்ற ஒரு பாஸ்பேட் படலமாகப் படிகிறது. ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்கு கனமே இருக்கும் அந்தப் படலம் தேய்ந்து போகப் போக, எண்ணெயில் மிச்சமிருக்கும் ஜிடிடிபி அதைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறது. ஆனால் அதே உலோகப் பரப்பில் இடம் பிடிக்க டிடர்ஜென்டும் போட்டி போடுகிறது. ஒன்றைக் கூட்டினால் மற்றொன்றின் வேலை கெடும். ஆகவே, எது எவ்வளவு என்பதை உண்மையான இன்ஜின்களில் ஓட்டிச் சோதித்த பிறகே ஏபிஐ என்னும் அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம் போன்றவற்றின் தரச் சான்றுகளைக் கொடுக்கிறார்கள். 2020 மே மாதம் நடைமுறைக்கு வந்த எஸ்பி தரமும் அப்படித்தான். பக்குவமாக இறக்கி வைத்த ரசத்தில், பரிமாற வந்தவர் தம் பங்குக்கு ஒரு பிடி உப்பைப் போடுவது போன்றதுதான், இப்படித் தயாரான ஆயிலில் மேலும் ரசாயனம் ஊற்றும் ஆயில் ட்ரீட்மென்ட்.

துத்தநாகமும் பாஸ்பரசும் நல்லவைதானே, கூடுதலாக இருந்தால் என்ன குறை என்று நீ கேட்கலாம். எண்ணெயில் சிறிதளவு எரிந்து புகையோடு வெளியேறும். அதிலுள்ள பாஸ்பரஸ், புகையின் நச்சைக் குறைக்கும் கேடலிடிக் கன்வெர்ட்டரில் படிந்து அதை மெல்ல மெல்லச் செயலிழக்கச் செய்துவிடும். அதனால்தான் 5டபிள்யூ-30 போன்ற இலகுவான எண்ணெய்களில் பாஸ்பரஸ் 0.08 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாதென்று வரம்பு விதித்திருக்கிறார்கள். சில நூறு ரூபாய் பாட்டிலால் பல ஆயிரம் ரூபாய் கன்வெர்ட்டருக்கு ஆபத்தை விலைக்கு வாங்குவானேன்?

இந்த வியாபாரத்தின் பழைய கணக்கு வழக்குகள் அமெரிக்காவில் பதிவாகியிருக்கின்றன. டெஃப்லான் வகைத் துகள்களைக் கலந்து, இன்ஜின் பாகங்களின் மீது பூச்சாகப் படியும் என்று விளம்பரம் செய்த ஸ்லிக் 50 என்ற ஆயில் சேர்மானத்தின் மீது அந்நாட்டின் எஃப்.டி.சி. என்னும் வணிக ஆணையம் 1996இல் புகார் தொடுத்தது. மறு ஆண்டு நிறுவனம் சமரசத்துக்கு வந்தது. கையேட்டில் சொல்லியிருக்கும் எண்ணெயைப் பயன்படுத்தும் பெரும்பாலான இன்ஜின்கள் ஸ்டார்ட் செய்யும் நேரத்துத் தேய்மானத்திலிருந்து ஏற்கெனவே போதிய பாதுகாப்புப் பெற்றிருக்கின்றன என்பதே ஆணையத்தின் வாதம். ஜிமேக்ஸ் என்ற இன்னொரு பொருள் மீது 2001இல் அதே ஆணையம் தொடுத்த புகார் இன்னும் சுவாரசியமானது. அது நிறமேற்றிய கனிம எண்ணெய் என்றும், அதைக் கலந்த ஆயில், கலக்காத ஆயிலைவிடப் பேரிங்கை இரண்டு மடங்குக்கு மேல் அரித்ததாகத் தயாரிப்பாளரின் சொந்தச் சோதனையே காட்டியது என்றும் ஆணையம் கூறியது. அந்த வழக்கும் 2003இல் சமரசத்தில் முடிந்தது. பந்தயக் காரின் படத்தைப் பாட்டிலில் ஒட்டுவதற்கு மட்டும் எவரும் சோதனை கேட்பதில்லை.

இனி ஃப்ளஷ். பழைய ஆயிலை இறக்குவதற்கு முன் ஊற்றிச் சிறிது நேரம் இன்ஜினை ஐடிலில் ஓட விடும் கரைப்பான் அது. நேரத்துக்கு ஆயில் மாற்றி வந்த இன்ஜினில் அதற்கு வேலையே இல்லை. ஆண்டுக்கணக்கில் ஆயில் மாற்றாமல் ஓட்டிய இன்ஜினிலோ, கெட்டியாகப் படிந்திருக்கும் கசடு ஒரேயடியாகப் பெயர்ந்து, ஆயில் பம்பின் வாயிலுள்ள வலையை அடைத்துவிடக் கூடும். அப்படி அடைத்தால் ஆயில் பிரஷர் விழுந்து இன்ஜினே போய்விடும். உன் காரை நீயே சோதித்துப் பார்க்கலாம். ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, டார்ச் அடித்து உள்ளே பார். தெரிகிற உலோகம் பளிச்சென்றோ லேசான பழுப்பேறியோ இருந்தால் கவலை வேண்டாம். கறுப்பாகத் தார் படிந்தது போலிருந்தால், வழக்கமான இடைவெளியைப் பாதியாகக் குறைத்து இரண்டொரு முறை நல்ல ஆயிலை மாற்று. புதிய ஆயிலில் உள்ள டிடர்ஜென்டே நிதானமாகக் கழுவிவிடும். டிப்ஸ்டிக்கில் ஆயில் கறுத்திருப்பதைக் கண்டு பயந்ததாக எழுதியிருக்கிறாய். கரியைத் தன்னுள் தாங்கி வைத்திருப்பதே ஆயிலின் கடமை என்பதால், சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய ஆயில் கறுத்திருப்பதில் வியப்பொன்றுமில்லை.

பெட்ரோலின் கதை சற்று வேறு. இங்கே சேர்மானத்துக்கு உண்மையிலேயே பலன் உண்டு. பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் நுனித் துளைகளிலும், சிலிண்டருக்குள் காற்றை விடும் இன்டேக் வால்வின் முதுகிலும் பெட்ரோலின் மிச்சங்கள் அரக்கு போலப் படியும். அதைத் தடுக்கும் டிடர்ஜென்டைக் குறைந்த அளவிலாவது எல்லாப் பெட்ரோலிலும் கலக்க வேண்டுமென்று அமெரிக்கா 1995 முதல் கட்டாயமாக்கியது. அந்த அளவு போதாதென்று 2004இல் பிஎம்டபிள்யூ, ஜெனரல் மோட்டார்ஸ், ஹோண்டா, டொயோட்டா ஆகிய நிறுவனங்கள் சேர்ந்து டாப் டியர் என்ற உயர்தரத்தை வகுத்தன. அந்நாட்டு வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏஏ 2016இல் வெளியிட்ட ஆய்வில், அந்தத் தரத்தில் சேராத பெட்ரோல்கள், சேர்ந்தவற்றைவிடச் சராசரியாகப் பத்தொன்பது மடங்கு அதிகப் படிவை விட்டுச் சென்றது தெரியவந்தது. நம் பங்க்குகளில் ஸ்பீடு, பவர், எக்ஸ்பி95 என்று கூடுதல் விலைக்குக் கிடைப்பவற்றிலும் இவ்வகைச் சேர்மானம் உண்டு.

உன் 2016 மாடல் ஸ்விஃப்டில் பெட்ரோல் இன்டேக் வால்வின் மீது பட்டு உள்ளே போகிறது. ஆகவே பாலிஈதர் அமீன் என்ற கழுவும் ரசாயனம் கலந்த கிளீனர் வால்வையும் கழுவும், இன்ஜெக்டரையும் கழுவும். லேபிளில் அந்தப் பெயர் இல்லாத, என்ன இருக்கிறதென்றே சொல்லாத பாட்டிலை வாங்காதே. ஐடிலில் நடுக்கமோ, ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது தடுமாற்றமோ இருந்தால், ஆயில் மாற்றுவதற்குச் சற்று முன்பு ஒரு முழு டேங்குக்கு ஒரு பாட்டில் ஊற்றிப் பார்க்கலாம். கிளீனரில் கொஞ்சம் ஆயிலோடு கலந்தாலும், அந்த ஆயில் விரைவில் இறங்கிவிடும். உனக்கோ அப்படிப்பட்ட தொந்தரவு எதுவும் இல்லை. உன் மருமகனின் புதிய காரைப் போல, பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சும் இன்ஜினாக இருந்தால், இந்தக் கிளீனர் இன்ஜெக்டரைக் கழுவுமே தவிர வால்வைத் தொடக்கூட முடியாது. அங்கே எரிபொருள் வால்வின் பக்கமே வருவதில்லை.

ஆக்டேன் பூஸ்டரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆக்டேன் என்பது பெட்ரோலின் சக்தி அல்ல. சிலிண்டருக்குள் தானாகப் பற்றிக்கொண்டு இன்ஜினைத் தட்ட வைக்காமல் இருக்கும் அதன் திறன் மட்டுமே. உன் இன்ஜின் சாதாரணப் பெட்ரோலுக்காகவே வடிவமைக்கப்பட்டது. பாட்டிலில் 'மூன்று பாயின்ட் கூடும்' என்று போட்டிருப்பது பெரும்பாலும் 0.3 என்றே பொருள்படும். உதாரணத்துக்கு, 91 என்பது 91.3 ஆகுமே தவிர 94 ஆகிவிடாது. மாங்கனீசு, இரும்புச் சேர்மங்களைக் கொண்ட பூஸ்டர்கள் ஸ்பார்க் பிளக்கின் வெள்ளைப் பீங்கான் மீது செங்கல் நிறத்தில் படிந்து மிஸ்ஃபயரை உண்டாக்குவதும் உண்டு. சொன்னதைச் செய்த பூஸ்டர் என்றால் இன்ஜின் தட்டுவதைத் தடுக்குமென்று 1921இல் தாமஸ் மிட்ஜ்லி கண்டறிந்த டெட்ராஈதைல் ஈயம்தான். உலகமே நச்சுக் காற்றைச் சுவாசித்து அதற்கு விலை கொடுத்தது. இந்தியாவில் அது முற்றிலுமாக நின்றது 2000 பிப்ரவரியில்.

மைலேஜ் குறைந்துவிட்டது, அதற்கு ஏதாவது ஊற்றலாமா என்றும் கேட்டிருக்கிறாய். எத்தனாலில் லிட்டருக்குள்ள ஆற்றல் பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் இப்போது எல்லா பங்க்கிலும் வருகிறது. எத்தனாலே இல்லாத பெட்ரோலுக்கென வடிவமைத்து, பத்து சதவீதக் கலவைக்கு ட்யூன் செய்த கார்களில் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையலாமென்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொல்கிறது. இல்லாத ஆற்றலை எந்தப் பாட்டிலும் கொண்டுவந்து சேர்க்காது. மைலேஜைக் கூட்டுவதாகச் சொல்லும் நூற்றுக்கும் மேற்பட்ட சாதனங்களையும் பொருள்களையும் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை சோதித்தும், குறிப்பிடத்தக்க பலன் தந்தது ஒன்றுகூட அகப்படவில்லை. டயரில் காற்று சரியாக இருக்கிறதா என்று பார். அது பலன் தரும்.

உன் மைத்துனரின் டீசல் வண்டிக்கு ஊற்றும் ஆட்ப்ளூவை இந்தக் கூட்டத்தில் சேர்க்காதே, அது 32.5 சதவீத யூரியாக் கரைசல், தனி டேங்கில் போய்ப் புகையைச் சுத்தம் செய்கிறது. டீசலுக்குள் ஊற்றிவிட்டால் பெரும் செலவு. நம் சிவசாமியின் அம்பாசடருக்கு மட்டும் வால்வைத் தள்ளும் பழைய கால டேப்பட் அமைப்பினால் ஜிடிடிபி சற்றுக் கூடுதலாகவே வேண்டும். அதற்கும் பாட்டில் தேவையில்லை, அந்த பாஸ்பரஸ் வரம்பு கெட்டியான 20டபிள்யூ-50 ஆயிலுக்குப் பொருந்தாது என்பதால் நல்ல கம்பெனி ஆயிலே போதும் என்று அவனிடம் சொல்லிவிடு. அவன் காருக்குக் கேடலிடிக் கன்வெர்ட்டரும் கிடையாது.

சர்வீஸுக்கு விடும்போது, கையேட்டில் குறித்திருக்கும் கிரேடு ஆயிலை உன் எதிரில் சீல் உடைத்து ஊற்றச் சொல். பாட்டில்களை அடித்த எஸ்டிமேட்டின் நகலில் கையெழுத்தும் வாங்கிக்கொள். வேலை முடிந்த பிறகு அவை பில்லில் மீண்டும் முளைப்பது வழக்கம். மிச்சமாகும் பணத்தில் பேத்திக்கு என்ன வாங்குவதென்று உன் வீட்டில் முடிவு செய்யட்டும். பெயர் சூட்டும் நாளை உடனே எழுது; நாங்கள் இருவரும் ரயிலில் வருகிறோம்.

அன்புடன்,
சண்முகம்