படத்துக்குப் பக்கவாத்தியமா ஒலி?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசியல் நோக்குடைய காட்சி-ஒலி நிகழ்த்துகலை குறித்துச் சென்ற இதழில் வெளியான கட்டுரையை, அத்தகைய நிகழ்வுகளில் மேடையோரம் அமர்ந்து அந்தந்த நேரத்துக்குத் தோன்றியபடி ஒலி அமைப்பவன் என்ற முறையில் இருமுறை படித்தேன். திரையில் ஓடும் படங்களை நுணுக்கமாக ஆராய்ந்த கட்டுரையாளர், காட்சியின் தாக்கத்தைக் கூட்டுவதே ஒலியின் வேலை என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அதில் எனக்கு உடன்பாடில்லை.

பல ஆண்டுகள் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஒரு நிகழ்வில், வீடிழந்த மூதாட்டி ஒருவர் திரையில் பேசியபோது, அவர் குரலை, ஒலிகளைக் கலக்கும் மிக்ஸர் வழியே எடுத்து, எதிரொலி சேர்த்து, அடியில் ஒரு தாழ்ந்த ரீங்காரத்தையும் மெல்ல ஏற்றினேன். பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்கும் உள்ளூரப் பெருமைதான். முடிந்ததும் ஒரு பெண் வந்து, "அந்த அம்மா சொன்னதில் பாதிகூடப் புரியவில்லை, அவரை ஏன் கிணற்றுக்குள்ளிருந்து பேச வைத்தீர்கள்?" என்று கேட்டார். பதில் சொல்ல வாய் எழவில்லை. அடுத்த நிகழ்வில் அதே பகுதி வந்ததும் ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் மற்ற ஃபேடர்கள் அனைத்தையும் இறக்கிவிட்டு, அவர் குரலை மட்டும் அப்படியே விட்டேன். பதிவு நடந்த அறையின் மின்விசிறிச் சத்தமும், சொல்லுக்குச் சொல் அவர் மூச்சு வாங்குவதும் அப்போதுதான் எனக்கே கேட்டன. அவர் பேசி முடித்த பிறகு, பொருளின் அதிர்வையே ஒலியாக எடுக்கும் கான்டாக்ட் மைக் ஒட்டிய இரும்புத் தகட்டை நகத்தால் ஒருமுறை கீறினேன். அந்தப் பகுதிக்கு நான் செய்தது அவ்வளவே.

பேசும் படம் வரத் தொடங்கிய 1928இலேயே, ஐசன்ஸ்டைன், புதோவ்கின், அலெக்சாந்திரோவ் ஆகிய சோவியத் திரைப்பட இயக்குநர்கள் மூவரும் கையெழுத்திட்ட அறிக்கை, ஒலியைக் காட்சியோடு ஒட்டவைக்காமல் அதற்கு எதிராக நிறுத்திப் பார்க்க வேண்டும் என்று கோரியது. 1969இல் வுட்ஸ்டாக் இசைவிழா மேடையில் ராக் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் அமெரிக்க தேசிய கீதத்தைக் கிதாரில் வாசித்தபோது, பாட்டின் சொற்கள் எதுவுமின்றி, ஸ்பீக்கரின் ஒலி மீண்டும் கிதாரிலேயே புகுந்து எழும் ஃபீட்பேக்கின் அலறலிலேயே பலர் வியட்நாம் போரைக் கேட்டார்கள்.

கட்டுரையாளர் வெகுவாகப் பாராட்டும் காட்சிக்கும் ஒலிக்கும் இடையிலான இம்மி பிசகாத ஒத்திசைவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நொடிக்கு 25 பிரேம், அதாவது 25 தனிப்படங்கள், ஓடும் படத்தில் ஒரு பிரேம் 40 மில்லிநொடி. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்வதால், ஸ்பீக்கரிலிருந்து 34 மீட்டர் தள்ளி அமர்ந்தவருக்கு அது இரண்டரை பிரேம் பிந்தியே வந்து சேரும். பெரிய அரங்கில் முன்வரிசைக்குக் கச்சிதமாக விழும் அடி, பின்வரிசைக்குப் பிசகித்தான் விழும்.

ஆட்சியாளரின் உரையை வெட்டி, கேலிச் சத்தத்தோடு திரும்பத் திரும்ப லூப்பில் ஓடவிட்டால் அரங்கு கைதட்டும். ஆனால் கைதட்டுபவர்கள் ஏற்கெனவே நம் கட்சிதான். முன்கூட்டிப் பதிந்த ஒலியால் அரங்கைக் கேட்க முடியாது. நேரில் அமைப்பவரால் முடியும். சிரிப்பு எழும் இடத்தில் உரையை வெட்டாமல் ஓடவிட்டு, அந்தச் சிரிப்பு தானாகத் தளரும்வரை காத்திருக்க அவரால் இயலும். மனோதர்மம் என்று நான் கருதுவது பெரும்பாலும் இந்தக் காத்திருப்பைத்தான். ஒத்திகையில் நாங்கள் அதிகம் சண்டையிடுவதும் எங்கே வாசிப்பது என்பதற்காக அல்ல, எங்கே கையை எடுப்பது என்பதற்காகவே.

அடுத்த முறை இத்தகைய நிகழ்வை விமர்சிக்க வருபவர், பத்து நிமிடமாவது கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஒலிக்கலைஞர் ஒருவர்