எங்கள் மலைக்காட்டுக்கு வசந்தமும் இல்லை, குளிர்காலமும் இல்லை

பெருமதிப்பிற்குரிய காட்டுப் பூங்கா நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். மலேசியாவின் ஜொகூர் மாநிலத்திலுள்ள எங்கள் ஊர் மலையடிவாரத்தில், ஓடைப் பாலத்தைத் தாண்டியதும் நீங்கள் நிறுத்தியிருக்கும் புதிய விளக்கப் பலகையைப் பற்றியது இம்மடல். இக்காடு துணை வெப்பமண்டல மழைக்காடு என்றும், இங்குள்ள மரங்கள் வசந்தம்தோறும் பூத்துக் குளிர்காலத்தில் வளர்ச்சி குன்றி நிற்கும் என்றும் அப்பலகை கூறுகிறது. இரண்டும் தவறு; இது ஆண்டு முழுதும் வெப்பம் மாறாத வெப்பமண்டல மழைக்காடு. நேரில் வந்து சொன்னேன், எழுதித் தரச் சொன்னார்கள், எழுதித் தந்தேன், பதில் இல்லை. ஆகவே ஊரறிய எழுதுகிறேன்.

நான் இவ்வூரை ஒட்டிய ரப்பர்த் தோட்டத்தில் கிராணியாக, அதாவது அலுவலக எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றவன். காலைப் பெரட்டு என்னும் ஆள் கணக்கெடுப்பு முடிந்து எல்லாரும் தங்கள் மர வரிசையான நிரைக்குப் போன பிறகு, அலுவலகத்தின் முன்னால் புல்தரையில் நட்டிருந்த மழைமானியின் செப்புப் புனலைக் கழற்றி, உள்ளே தேங்கிய நீரைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றி, கண் மட்டத்துக்கு உயர்த்திப் பார்த்து, மழைப் புத்தகத்தில் எழுதுவது என் வேலைகளில் ஒன்றாக இருந்தது. அதில் மழை இல்லை என்று வெறும் கோடு இட்ட நாள்கள் பல உண்டு. வெறும் கோடுகளாகவே முடிந்த மாதம் ஒன்றுகூட எனக்கு நினைவில்லை. நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று, மே இறுதி முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று, இடைப்பட்ட மாதங்களில் பிற்பகல் இடி மழை என்றுதான் எங்கள் ஆண்டு நகர்கிறது. ஜொகூரில் வெப்பமான மாதத்தின் சராசரிக்கும் குளிர்ந்த மாதத்தின் சராசரிக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ 2 பாகை செல்சியஸ்தான். ஒரே நாளின் பிற்பகலுக்கும் விடியலுக்கும் இடையே அதைவிடப் பல மடங்கு வேறுபாடு உண்டு.

பலகையை எழுதியவர் பிப்ரவரியில் இலையுதிர்த்து நின்ற ரப்பர் மரங்களைப் பார்த்து ஏமாந்திருக்கலாம். ரப்பர் அமேசான் காட்டிலிருந்து வந்த மரம். சில வாரங்கள் மழை குறைந்தாலே இலையைக் கொட்டிவிடும், பாலும் குறையும், அத்தோடு எங்கள் சம்பளமும் குறையும். அதைக் குளிர்காலம் என்று யாரும் சொன்னதில்லை.

உண்மையான துணை வெப்பமண்டல மழைக்காட்டையும் நான் பார்த்திருக்கிறேன். என் மகன் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் வேலை பார்க்கிறான். அவனோடு ஒரு ஜூலை மாதம், அங்கே குளிர்காலத்தில், லேமிங்டன் தேசியப் பூங்காவுக்குப் போனேன். 1915-இல் அமைக்கப்பட்ட அப்பூங்கா, உலக மரபுரிமைப் பட்டியலில் உள்ள கோண்டுவானா மழைக்காடுகளில் 1994-இல் சேர்க்கப்பட்ட ஒரு பகுதி. தெற்கே 28 பாகை அட்சரேகையில், பழைய எரிமலைக் குழம்பு இறுகி உண்டான வளமான மண்ணில் நிற்கிறது. மரத்தடியில் பலகைபோல் அகன்று நிற்கும் வேர்கள், மரத்தை நெரிக்கும் அத்தி, கூடு போன்ற பெரணிகள் எல்லாம் அங்கும் உண்டு. முதல் பத்து நிமிடம் நம் காடு என்றே நினைத்தேன். ஆனால் விடியற்காலையில் வெட்டவெளிப் புல்லில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருந்தது. மழையின் பெரும்பகுதி டிசம்பர் முதல் மார்ச் வரையிலான கோடையில் பெய்கிறது. உயர்ந்த முகடுகளில் பாசி போர்த்த அண்டார்க்டிக் பீச் மரங்கள் நிற்கின்றன. உங்கள் பலகையில் உள்ள படம் அந்த மரமாகவே எனக்குத் தோன்றுகிறது. அது நம் காட்டில் கிடையாது.

நம் காட்டில் இருப்பவை மெராந்தி, குருயிங், சிராயா, காப்பூர் முதலியவை. கடைத்தெருவில் நின்று மலையைப் பார்த்தால் முகட்டில் சாம்பல் கலந்த நீலமாகத் தெரியும் உச்சிகள் சிராயா. கோயிலில் பயன்படும் பச்சைக் கற்பூரம் அக்காலத்தில் காப்பூர் மரத்தின் நடுவைப் பிளந்து எடுக்கப்பட்டது. பலகையில் இதற்கு ஒரு வரிகூட இடமில்லாதது எனக்கு வருத்தமே. இவை எல்லாம் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மரங்கள்; இவற்றில் பலவற்றின் காய்களுக்கு இறக்கை உண்டு, உச்சியிலிருந்து விழும்போது பம்பரம்போல் சுழன்று இறங்கும்.

இந்த மரங்கள் ஆண்டுதோறும் பூப்பதில்லை என்பதை நீங்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். சில ஆண்டுகள் ஒன்றுமே இல்லாமல் கழியும். பிறகு ஒரு வறட்சியையோ சில குளிர்ந்த இரவுகளையோ தொடர்ந்து காடே ஒன்றாகப் பூத்துத் தள்ளும். இந்த இடைவெளி 2 ஆண்டாகவும் இருக்கலாம், 10 ஆண்டாகவும் இருக்கலாம். விழுந்த விதையை உலர்த்திச் சேமிக்க முடியாது. சில நாள்களிலேயே முளைவிடும், இல்லையேல் செத்துவிடும். அப்படியிருக்க, உங்கள் பலகையின் கடைசி வரி, மண் சரிந்த மலைச்சரிவில் நடுவதற்காக ஒவ்வோர் ஏப்ரலிலும் விதை பொறுக்க வருமாறு பள்ளி மாணவர்களை அழைக்கிறது. சென்ற ஏப்ரலில் எங்கள் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் கோணிப்பையோடு வந்து, காய்ந்த இலைகளைக் கிளறிவிட்டு, ஒரு பையில் ரப்பர்க் கொட்டைகளோடு திரும்பினார்கள். அவர்களோடு வந்த ஆசிரியைக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

அடுத்த பள்ளி விடுமுறைக்குள் பலகையின் வாசகத்தையும் படத்தையும் மாற்றித் தாருங்கள். ஏப்ரல் அழைப்பை நீக்கிவிட்டு, காடு பூக்கும் ஆண்டில் காய் முற்றும் வேளை பார்த்துப் பள்ளிகளுக்குச் செய்தி அனுப்புங்கள். உங்கள் காவலர்கள் தினமும் அந்தப் பாதையில்தானே நடக்கிறார்கள். மலாய், ஆங்கிலத்தோடு தமிழிலும் சீனத்திலும் சில வரிகள் இருந்தால் மகிழ்வோம். தமிழ் வரிகளை நானே எழுதித் தருகிறேன், கூலி வேண்டாம்.

தோட்டம் செம்பனை என்னும் எண்ணெய்ப் பனைக்கு மாறி, பழைய அலுவலகத்தை இடித்தபோது குப்பையில் போட்ட மழைப் புத்தகங்களில் நான்கு என் அலமாரியில் இருக்கின்றன. செவ்வாய், வியாழன் தவிர எந்தக் காலையிலும் கொண்டுவந்து காட்டலாம்; அவ்விரு நாள்களும் மருத்துவமனைக்குப் போக வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வு பெற்ற தோட்டக் கிராணி