செல்வியின் மாப்புக்கு ஒரு ஸ்பிரிங்

ஸ்ரீராமபுரம்,
பெங்களூரு.

அன்புள்ள பாலு,

பொங்கலுக்கு நீ அனுப்பிய பெட்டி வந்து சேர்ந்தது என்றுகூட ஒரு வார்த்தை சொல்லவில்லை. இப்போது ஆடி பிறக்கப் போகிறது. மூன்று தடவை போன் செய்தாய், எடுக்கவில்லை. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்ததாக ரமணி சொன்னாள், நிம்மதி. நித்யா விசா என்ன ஆயிற்று? இங்கே எல்லாரும் நலம். மழை விட்டு விட்டுப் பெய்கிறது, துணி காய்வதில்லை. ரமணிக்கு முழங்கால் அப்படியேதான் இருக்கிறது.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் படம் போட்டுக் காட்ட வேண்டிய விஷயம். நீயோ போனில் பாதி கேட்டதும் 'சரி சரி, புரிந்தது' என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம். உட்கார்ந்து படி.

செல்வியை உனக்கு ஞாபகம் இருக்கும். போன தடவை நீ வந்தபோது உன் வெர்னியர் அளவுகோலைக் குப்பையோடு சேர்த்துப் பெருக்கிக்கொண்டு போனாளே, அவள்தான். (கல்யாண வீட்டுக்குப் போகும்போதும் வெர்னியரைப் பையில் வைத்துக்கொண்டு போகிறவன் நீ ஒருவன்தான்டா இந்தத் தென்னிந்தியாவில்.) 14 வருஷமாக எங்கள் வீட்டுக்கு வருகிறாள். எங்களையும் சேர்த்து ஐந்து வீடு. மார்ச் மாதம் ஒருநாள் காபி டம்ளரை எடுக்கும்போது கை நழுவி உடைத்துவிட்டாள். கேட்டால் 'ஒண்ணுமில்லண்ணா' என்றாள். ரமணி விடாமல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். கட்டைவிரல் அடியில் மணிக்கட்டு வழியாகப் போகும் தசைநார், அதன் உறை வீங்கியிருக்கிறதாம். டி குவர்வெய்ன் என்று பெயர் சொன்னார். குழந்தையைத் திரும்பத் திரும்பத் தூக்குகிறவர்களுக்கும் துணி பிழிகிறவர்களுக்கும் இது வருமாம். 'கொஞ்ச நாளைக்கு எதையும் முறுக்கிப் பிழியாதே' என்றார். எப்படிப் பிழியாமல் இருப்பாள்? நான் ஒருநாள் சும்மா உட்கார்ந்து எண்ணினேன். எங்கள் வீட்டில் மட்டும் 11 தடவை. ஐந்து வீட்டுக்கு 50க்கு மேல் ஆகிறது, தினமும். 14 வருஷமாக நான் ஹாலில் காலைத் தூக்கிக்கொண்டு பேப்பர் படித்திருக்கிறேன், அவள் அடியில் துடைத்துவிட்டுப் போயிருக்கிறாள். ஒருநாளும் நான் எண்ணியதில்லை.

பையன் ஒரு ரோபோவின் லிங்க்கை அனுப்பினான். அது எங்கள் வீட்டைத் துடைக்கும். செல்விக்கு ஒரு வீடு குறையும். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

முதலில் ஆன்லைனில் ஒரு கிளிப் மாப் வாங்கினோம். குச்சியின் நுனியில் பிளாஸ்டிக் வாய், அதில் பருத்தி நூல் கொத்தைச் செருகி மூடுகிற வகை. இரண்டாவது மாதமே கீல் இருக்கும் இடத்தில் விரிசல் விட்டது. அந்த விரிசலில் அவள் ஆள்காட்டி விரல் தோல் மாட்டிக் கிழிந்தது. உடைந்ததைப் பட்டறைக்கு எடுத்துப் போய்ப் பார்த்தேன். கீலைச் சுற்றி ஒன்றரை மில்லிமீட்டர் சுவர், உள் மூலையில் வளைவு கொடுக்க ஒரு ரேடியஸ்கூட இல்லை, கத்தி மாதிரி வெட்டு. நம் மைக்ரான் சார் பார்த்திருந்தால் டிராயிங்கைச் சுருட்டி அடித்திருப்பார். பூட்டிய வாய் எந்நேரமும் அழுத்தத்தில்தான் இருக்கிறது. பாலிபுரொப்பிலீன் பிளாஸ்டிக் அப்படியே இருந்தால் நாளாக நாளாக நெகிழ்ந்துகொடுக்கும், பிடி தளரும். பிடி தளர்ந்தால் அவள் இன்னும் ஓங்கி அழுத்தி மூடுவாள். அப்புறம் உடையாமல் என்ன செய்யும்?

அன்றைக்குப் பிடித்தது எனக்கு இந்தப் பைத்தியம், பாலு. அன்றிலிருந்து வேறு எதையும் யோசிக்கவில்லை. பட்டறையில் டை (அச்சு) செய்யும் வேலை இரண்டு தள்ளிப்போயிருக்கிறது. ரமணி என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

எனக்கு முதலில் தோன்றியது என்னவாக இருக்கும் என்று உனக்கே தெரியும். தள்ளினால் பூட்டிக்கொள்கிற அந்த லீவர்ப் பிடி, டாகிள் கிளாம்ப்! பீன்யா தொழிற்பேட்டையில், துளை போடும்போது பீஸைப் பிடித்துவைக்க எத்தனை டிரில்லிங் ஃபிக்ஸ்சருக்கு நீயும் நானும் வைத்திருப்போம். மூன்று பின்னும் ஒரே கோட்டுக்கு வந்து, அதைத் துளி தாண்டி ஸ்டாப்பில் உட்கார்ந்துவிட்டால் எவ்வளவு இழுத்தாலும் திறக்காது. கோட்டை நெருங்க நெருங்க நம் கைவிசை பல மடங்காகப் பெருகும். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் செய்து முடித்துவிட்டேன். டவல் துணியைப் போட்டேன், இரும்புப் பிடி. பெருமையாக செல்வியிடம் கொடுத்தேன். அவள் எங்கள் பழைய பனியனைக் கிழித்து மாட்டினாள். இரண்டு இழுப்பில் துணி தரையிலும் குச்சி கையிலும் நின்றது.

ஏன் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. டாகிளுக்கு ஒரே ஒரு கனம்தான் பிடிக்கும். நாம் கிளாம்ப் செய்த பீஸ் எல்லாம் ஒரே அளவு. வீட்டுத் துணி அப்படியா? 'ரீபில் எல்லாம் யாருண்ணா வாங்கித் தருவாங்க, அஞ்சு வீட்லயும் பழைய துணிதான்' என்றாள். ஒரு வீட்டில் வேட்டித் துண்டு, ஒரு வீட்டில் நைட்டி, இன்னொரு வீட்டில் மடித்த டவல். பனியன் ஒரு மில்லிமீட்டர், டவல் ஐந்து. நான் நான்கு வாரம் மாப்பை டிசைன் செய்துகொண்டிருந்தேன். செய்யவேண்டியிருந்தது, எந்தக் கந்தலைக் கொடுத்தாலும் பிடிக்கிற ஒரு வாய். வைஸ்-கிரிப் என்ற பூட்டும் இடுக்கியில் இதே சிக்கலுக்குப் பிடியின் அடியில் ஒரு ஸ்க்ரூ இருக்கும், கனத்துக்குத் தகுந்த மாதிரி திருகி வைத்துக்கொள்ளலாம். அதற்குப் பூட்டும் லீவர் வைத்து 1924இல் பேடன்ட் வாங்கிய பீட்டர்சன் டென்மார்க்கிலிருந்து அமெரிக்கா போன கொல்லர். நாம் படித்த டூல் ரூம் பயிற்சி மையம் ஜி.டி.டி.சி.யும் 1972இல் டென்மார்க் அரசு உதவியோடு ஆரம்பித்ததுதான், அந்த ஊருக்கும் நமக்கும் ஏதோ இருக்கிறது. ஆனால் ஈரக் கையோடு, வலிக்கிற கட்டைவிரலோடு, ஒவ்வொரு வீட்டிலும் ஸ்க்ரூ திருகச் சொல்ல முடியுமா?

விடை கிடைத்தது செல்வியிடம்தான். மொட்டைமாடிக் கொடியில் அந்தப் பனியனைக் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். காற்று ஒரு பக்கத்தை இழுத்தது. துணி நகரவில்லை. கம்பியின் மேல் அரைச் சுற்று விழுந்திருக்கிறது, அவ்வளவுதான். உங்கள் தோப்பில் இளநீர்க் குலையை இறக்கும்போது கயிற்றை மரத்தில் ஒரு சுற்று சுற்றிவிட்டு உன் சித்தப்பா ஒற்றைக் கையால் பிடித்திருப்பாரே, அதே சங்கதி. உராய்வுக் கெழு 0.3 என்று வைத்தாலும் அரைச் சுற்றுக்கு இழுவையைத் தாங்கும் பிடி இரண்டரை மடங்கு வருகிறது. பேப்பரில் போட்டுப் பார், 2.57.

இப்போது படத்தைப் பார். குச்சியின் அடியில் டி வடிவத் தலை, அலுமினியம், 28 செ.மீ. அகலம். அதன் அடிப்பக்கத்தில் நீளவாக்கில் வி வடிவக் காடி (பள்ளம்), உருளையான பீஸை உட்காரவைக்கிற நம் வி பிளாக்தான், கவிழ்த்துப் போட்டது. காடிக்குக் கீழே 6 மி.மீ. கம்பி. துணியைக் கொடியில் போடுகிற மாதிரி கம்பியின் மேல் போடவேண்டும், இரண்டு பாதியும் கீழே தொங்கும். கம்பியின் இரண்டு நுனியும் வளைந்து மேலே வந்து, குச்சியில் தளர்வாக ஓடும் ஒரு வளையத்தில் சேர்கின்றன. வளையத்துக்கும் தலைக்கும் நடுவே ஸ்பிரிங். அது வளையத்தை மேலே தள்ளுகிறது, வளையம் கம்பியை இழுக்கிறது, கம்பி துணியோடு போய்க் காடியில் உட்காருகிறது. சும்மா விட்டால் மூடியே இருக்கும். திறக்கத்தான் லீவரைக் கையால் அழுத்தவேண்டும், மூடுவதற்குக் கை வேண்டாம். துணி மெலிசானாலும் தடித்தாலும் ஸ்பிரிங் தானே தேடிப் போய்ப் பிடித்துக்கொள்ளும்.

இது முடிந்த அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. பழைய பேடன்ட்களைத் தேடிக்கொண்டிருந்தேன். பாலு, 1893 ஜூன் 13, அமெரிக்க பேடன்ட் எண் 4,99,402. தாமஸ் டபிள்யூ. ஸ்டூவர்ட், மிச்சிகன் மாநிலத்தில் கலமசூ என்ற ஊர்க்காரர், கறுப்பினத்தவர். காடி வெட்டிய டி தலை. கம்பி. குச்சியில் தளர்வாக ஓடும் வளையம். லீவர். வளையத்துக்கும் தலைக்கும் நடுவே ஸ்பிரிங். என் படத்தை யாரோ நான் பிறப்பதற்கு முன்பே எடுத்துவிட்ட மாதிரி இருந்தது. வருத்தமே இல்லை, நம்பு. அடிமைமுறை ஒழிந்து முப்பது வருஷம்கூட ஆகாத நாட்டில் ஒரு மனிதர் தரை துடைக்கிறவர்களின் கையை நினைத்து, கம்பி எங்கே வளையவேண்டும் என்று உட்கார்ந்து யோசித்திருக்கிறார். நான் போய்ச் சேர்ந்த இடத்தில் அவர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். ரமணியை எழுப்பிச் சொன்னேன். காலையில் சொல்லுங்கள் என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

இப்போது உன் வேலை. இங்கே எஸ்.பி. ரோட்டுக் கடையில் வாங்கிய சாதா ஸ்பிரிங் மூன்றே வாரத்தில் துருப்பிடித்து, டைல்ஸில் காவி வளையம் போட்டுவிட்டது. போர்வெல் தண்ணீர், பினாயில், எந்நேரமும் ஈரம். எனவே ஸ்டெயின்லெஸ் ஸ்பிரிங் கம்பி, 2.5 மி.மீ. குச்சி 19 மி.மீ. பைப், அதனால் உள்விட்டம் 20.5. வேலை செய்யும் சுற்று 6, இரண்டு முனையும் மூடி, சமமாக அரைத்தது. இறுக்காத நீளம் 60. மாட்டும்போதே 12 மி.மீ. அமுங்கியிருக்கும், முழுக்கத் திறக்க இன்னும் 8. என் கணக்குப்படி பனியனுக்கு ஆறு கிலோ பிடி, டவலுக்கு எட்டு, முழுக்கத் திறக்கும்போது ஒன்பதைத் தாண்டும். லீவர் ஆறுக்கு ஒன்று, ஆக அவள் உள்ளங்கையால் ஒன்றரை கிலோ அழுத்தினால் போதும். கட்டைவிரலுக்கு வேலையே இல்லை. வாய் 8 மி.மீ.க்கு மேல் திறக்காமல் ஒரு ஸ்டாப் வைத்திருக்கிறேன், விரல் உள்ளே போக இடமில்லை. இதில் மட்டும் நீ உன் பாணியில் 'கொஞ்சம் கூட இருக்கட்டும்' என்று மாற்றிவிடாதே. கணக்கைச் சரிபார், தப்பு இருந்தால் சொல். 20 ஸ்பிரிங் வேண்டும்.

ஆனால் ஒன்று தீரவில்லை, என்னைத் தின்கிறது. பிடிப்பது சரியாகிவிட்டது, பிழிவது ஆகவில்லை. குச்சியில் இரண்டாவது வளையம் வைத்து, துணியின் நுனிகளை அதில் மாட்டி முறுக்கிப் பார்த்தேன். நன்றாகப் பிழிந்தது. செல்வி இரண்டு நாள் செய்துவிட்டு மணிக்கட்டைத் தடவிக்கொண்டு நின்றாள். எனக்கு வெட்கமாகிவிட்டது. துணியை முறுக்கினால் என்ன, குச்சியை முறுக்கினால் என்ன, முறுக்குவது அதே கைதானே. இப்போது பக்கெட்டுக்குள் ஓட்டை போட்ட தட்டு ஒன்று வைத்து, மாப்பை அதில் ஊன்றி உடம்பு எடையால் அழுத்தச் சொல்லியிருக்கிறேன். கை நோகவில்லை. ஆனால் தராசில் போட்டுப் பார்த்தேன். உலர்ந்த துணி 180 கிராம். கையால் பிழிந்தால் 390. தட்டில் அழுத்தினால் 520. அந்த 130 கிராம் தண்ணீர் தரைக்குப் போகிறது. இந்த மழைக்காலத்தில் அரை மணி நேரமாகியும் தரை காயவில்லை. ரமணியின் முழங்காலோடு ஈர டைல்ஸை நினைத்தாலே பயமாக இருக்கிறது. ஒருவரின் மணிக்கட்டைக் காப்பாற்றப் போய் இன்னொருவரின் இடுப்பை உடைத்துவிடக்கூடாது. இரண்டு உருளைகளுக்கு நடுவே இழுத்துவிடலாமா? அப்போது தலை அகலத்தைக் குறைக்க வேண்டும், கட்டிலுக்கு அடியில் வேலை இரட்டிக்கும். உங்கள் ஊர் மில்களில் ஈரத் துணியை ரோலரில் பிழிவதை நீ பார்த்திருப்பாய். எவ்வளவு அழுத்தம், ரப்பர் எவ்வளவு கடினம், கேட்டு எழுது. நீ வந்தால் இன்னும் நல்லது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

விற்கப் போகிறாயா என்று கேட்பாய், எனக்குத் தெரியும். முதலில் ஐந்து வீட்டுக்கு ஐந்து. மீதி ஸ்பிரிங் செல்வியின் தெருவில் வேலைக்குப் போகிறவர்களுக்கு. அதற்கப்புறம் யோசிக்கலாம்.

ஒன்று மறந்துவிட்டேன். முதல் குச்சியை என் உயரத்துக்கு வெட்டியிருந்தேன். செல்வி நாலடி பத்து அங்குலம். துடைக்கும்போது குச்சி முனை அவள் முகவாயில் இடித்தது, ஒரு மாதம் அவள் சொல்லவே இல்லை. இப்போது நாலு அடிக்கு வெட்டிக் கொடுத்துவிட்டேன். உங்கள் வீட்டுக்கு வருகிற அம்மாவின் உயரத்தையும் அளந்து அனுப்பு. வெர்னியரால் அளக்காதே, டேப் எடுத்துக்கொள். பார்சலைப் பட்டறை முகவரிக்கே போடு.

உன்,
சேகர்