பழைய டோட்டல் ஸ்டேஷன் வாங்குகிறவர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள சர்வேயர்களுக்கும் சிவில் இன்ஜினீயர்களுக்கும்,

மார்த்தாண்டத்திலிருந்து வணக்கம்.

சில மாதங்களாக எங்கள் கடைக்குச் செகண்ட் ஹேண்ட் டோட்டல் ஸ்டேஷன் (நில அளவையில் தூரத்தையும் கோணத்தையும் அளக்கும் மின்னணுக் கருவி) கேட்டு வருகிற பலரை வெறுங்கையோடு திருப்பி அனுப்ப வேண்டியிருக்கிறது. களியக்காவிளை தாண்டிப் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கமிருந்து வருகிறவர்களுக்கும் இதே பதில்தான். விற்க மெஷின் கொண்டு வருகிறவர்கள் குறையவில்லை. ஆனால் பில்லும் பேப்பரும் இல்லாத கருவியை நாங்கள் இப்போது தொடுவதில்லை. ஏன் என்று ஒவ்வொருவரிடமும் கவுண்டரில் நின்று சொல்ல நேரம் போதவில்லை. அதனால்தான் இந்த மடல்.

தனியாகத் தொழில் தொடங்கிய ஒரு இளம் சர்வேயர், காலிபரேஷனுக்காக, அதாவது அளவு சரியாகக் காட்டுகிறதா என்று சரிபார்க்க, ஒரு டோட்டல் ஸ்டேஷன் கொண்டு வந்தார். நகையை அடகு வைத்துப் பாதி விலைக்கு வாங்கிய மெஷின். விற்றவர் "கம்பெனியை மூடிவிட்டோம்" என்று சொல்லியிருக்கிறார். பெட்டியின் மேல் புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தது. துடைத்துப் பார்த்தபோது அடியில் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் ஒரு அரசுத் துறையின் பெயரும் ஸ்டாக் எண்ணும் மங்கலாகத் தெரிந்தன. கருவியின் அடியில் இருக்கும் சீரியல் நம்பர் தகடு சுரண்டப்பட்டிருந்தது. ஆனால் மெஷினை ஆன் செய்து தகவல் பக்கத்தைத் திறந்தால் சீரியல் நம்பர் அப்படியே வருகிறது. மெமரியில் பழைய ஜாப்கள் (முன்பு அளந்த வேலைகளின் பதிவுகள்) அழியாமல் இருந்தன. அவற்றின் பெயர்களெல்லாம் கிராமப் பெயர்கள்.

அந்தத் தம்பி கேட்டது ஒன்றுதான்: "அண்ணே, நான் காசு கொடுத்துத்தானே வாங்கினேன்?"

நியாயமான கேள்வி. அன்றைக்கு அவருக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறோம்.

பொருளுக்கு உரிமை இல்லாதவர் விற்றால், வாங்கியவருக்கும் உரிமை வராது. 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு சொல்லும் பொது விதி இது. எவ்வளவு பணம் கொடுத்தோம், எத்தனை கை மாறியது என்பதெல்லாம் இதில் கணக்கில் வராது. திருட்டுப் பொருள் என்று நிரூபணமானால் அது துறைக்குத்தான் திரும்பிப் போகும். அதே சட்டத்தின் 14ஆம் பிரிவு, தனக்கு விற்கும் உரிமை இருக்கிறது என்பதை விற்றவர் சொல்லாமலே உறுதி கொடுத்ததாக எடுத்துக்கொள்கிறது. ஆகவே கொடுத்த பணத்தை அவரிடம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆளைப் பிடிப்பதுதான் கஷ்டம்.

ஜெயிலுக்குப் போக வேண்டிவருமா என்ற பயம் எல்லோருக்கும் இருக்கிறது. குற்றங்களுக்குத் தண்டனை சொல்லும் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆம் பிரிவு, திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ, நேர்மையில்லாமல் வாங்குகிறவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும் என்கிறது. தெரியாமல், நல்லெண்ணத்தில் வாங்கியவர் இதில் வர மாட்டார். ஆனால் அந்தப் பிரிவு வாங்குவதோடு நிற்கவில்லை, வைத்திருப்பதையும் சேர்த்தே சொல்கிறது. பெயின்டுக்கு அடியில் துறையின் பெயரைப் பார்த்த பிறகும் பேசாமல் சைட்டுக்கு எடுத்துப் போய் அளந்துகொண்டிருந்தால், "எனக்குத் தெரியாது" என்று அப்புறம் சொல்ல முடியாது. இதை நண்பர்கள் நிறைய பேர் யோசிப்பதே இல்லை. வாங்கிய நாளில் சுத்தமாக இருந்தவர், சந்தேகம் வந்த நாளுக்குப் பிறகு என்ன செய்தார் என்பதைத்தான் கேட்பார்கள்.

விற்றவரிடமே திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்கிவிடலாம் என்று தோன்றும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்து அதை மறைக்கவோ கைமாற்றவோ உதவுவதும் அதே 317ஆம் பிரிவில் தனிக் குற்றம். அந்த மெஷின் அடுத்த வாரமே தென்காசியிலோ பாலக்காட்டிலோ இன்னொரு தம்பியின் தலையில் கட்டப்படும்.

"கேரளத்தில் காணாமல் போனது, தமிழ்நாட்டில் வாங்கினேன், இங்கே யார் கேட்கப் போகிறார்கள்?" என்றும் சிலர் சொல்கிறார்கள். நம் பகுதியில் பலருக்கு எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நிலம் இருக்கிறது, சர்வேயர்களும் இரு பக்கமும் வேலை செய்கிறார்கள். கருவியும் அப்படியே எளிதாக எல்லை தாண்டிவிடும். ஆனால் எங்கே கொண்டு போனாலும், நாட்டுக்கு வெளியே போனால்கூட, உரியவர் கைக்குத் திரும்பும்வரை அது திருட்டுப் பொருள்தான். சட்டத்திலேயே இது இருக்கிறது. தகவல் கொடுக்க நினைக்கிறவருக்கும் எல்லை தடையில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவுப்படி, குற்றம் எந்த இடத்தில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம்.

எங்கள் ஆலோசனை இதுதான். சந்தேகம் வந்தால் மெஷினை அப்படியே பெட்டியில் வையுங்கள். மெமரியை அழிக்காதீர்கள், ஸ்டிக்கரை உரிக்காதீர்கள். சீரியல் நம்பர், பெட்டியில் இருக்கும் குறி, பணம் அனுப்பிய ரசீது, விற்றவரோடு பேசிய வாட்ஸ்அப் செய்திகள், எல்லாவற்றையும் படம் எடுத்துச் சேர்த்து வையுங்கள். பிறகு பெயர் தெரிகிற துறை அலுவலகத்துக்கும் காவல் நிலையத்துக்கும் எழுத்தில் கொடுங்கள். நகலில் பெற்றுக்கொண்டதற்குச் சீல் வாங்குங்கள். போலீஸ் கருவியைக் கைப்பற்றினால் மகஜர் (கைப்பற்றியதைச் சாட்சிகள் முன் எழுதும் பதிவு) நகல் கேளுங்கள். முடிந்தால் ஒரு வக்கீலையும் கூட அழைத்துப் போவது நல்லது.

பணம் திரும்ப வருமா? எப்போதும் வரும் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். ஒரு வழி இருக்கிறது. திருடியவருக்குத் தண்டனை ஆகி, அவர் பிடிபட்டபோது அவரிடமிருந்து பணமும் எடுக்கப்பட்டிருந்து, தெரியாமல் வாங்கியவர் பொருளை உரியவருக்குத் திருப்பிக் கொடுத்தால், அந்தப் பணத்திலிருந்து வாங்கியவருக்குக் கொடுக்க நீதிமன்றம் உத்தரவிடலாம். அதற்கு நீங்கள் எவ்வளவு கொடுத்தீர்கள் என்பதற்குச் சாட்சி வேண்டும். கையில் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள் என்று நாங்கள் ஓயாமல் சொல்வது இதனால்தான். அந்தத் தம்பி வங்கி மூலம் அனுப்பியிருந்தார். கருவியை ஒப்படைத்துவிட்டார். பணம் இன்னும் வரவில்லை. அவருடைய வேலை நிற்கக்கூடாது என்று எங்கள் வாடகை மெஷின் ஒன்றைக் கொடுத்திருக்கிறோம்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. துறையின் குறி இருந்தாலே திருட்டு என்று முடிவு கட்டிவிட முடியாது. அரசு அலுவலகங்கள் பழைய கருவிகளைக் கழிவு செய்து ஏலம் விடுவது வழக்கம். மத்திய அரசின் எம்எஸ்டிசி நிறுவனம் ஆன்லைனில் இந்த ஏலங்களை நடத்துகிறது. அப்படி வந்த பொருளுக்கு ஏலம் எடுத்தவர் பெயரில் பணம் கட்டிய ரசீதும், பொருளை எடுத்துச் செல்ல அனுமதிக்கும் டெலிவரி ஆர்டரும் இருக்கும். சீரியல் நம்பர் அதில் பொருந்தினால் தாராளமாக வாங்கலாம். அதேபோல் அரசு வேலை எடுத்த கான்ட்ராக்டர்கள் சொந்த மெஷினிலேயே திட்டத்தின் பெயரை எழுதி வைப்பதும் உண்டு. இவர்களையெல்லாம் திருடர் என்று சந்தேகிப்பது பாவம். பேப்பரைக் கேளுங்கள், பேப்பர் பேசட்டும்.

இந்த விஷயத்தில் எங்களுக்கு மனம் பொறுக்காத காரணம் இன்னொன்று. கேரளத்தில் 2022 நவம்பர் 1 அன்று டிஜிட்டல் ரீசர்வே (நில மறு அளவை) தொடங்கியது. ரோவரும் (செயற்கைக்கோள் சிக்னலை வைத்து இடத்தைக் குறிக்கும் கருவி) ரோபோடிக் டோட்டல் ஸ்டேஷனும் வைத்துக் கிராமம் கிராமமாக அளக்கிறார்கள். எல்லைத் தகராறில் பல வருடமாகக் கோர்ட்டுக்கு அலைகிற குடும்பங்கள் அந்த அளவுக்காகக் காத்திருக்கின்றன. ஒரு கருவி காணாமல் போனால் அந்த ஊர் வேலை தள்ளிப்போகும், அதைப் பொறுப்பில் வைத்திருந்த ஊழியர் விசாரணைக்கு நிற்க வேண்டிவரும். நம் தொழிலே எது யாருடையது என்று அளந்து சொல்வது. பிறர் பொருளை வைத்துக்கொண்டு அந்த வேலையைச் செய்ய எங்களுக்கு மனம் வராது.

அதனால் இனிமேல் எங்களிடம் பழைய கருவி விற்க வருகிறவர்கள் முதல் பில்லோ, ஏல டெலிவரி ஆர்டரோ கொண்டு வர வேண்டும். பில் தொலைந்திருந்தால், வாங்கிய டீலரிடம் நகல் கேட்டு வாங்கி வாருங்கள். தகட்டில் உள்ள எண்ணையும் திரையில் வரும் எண்ணையும் ஒப்பிட்டு, தயாரித்த கம்பெனியின் சர்வீஸ் மையத்திலும் கேட்ட பிறகுதான் விலை பேசுவோம். இதற்குச் சில நாள் ஆகும். விற்றவரின் அடையாள அட்டை நகலையும் வாங்கி வைப்போம். வாங்குகிறவருக்குத் தரும் பில்லில் சீரியல் நம்பரை எழுதியே கொடுப்போம். வேறு எங்கே வாங்கினாலும் இதைக் கேட்டு வாங்குங்கள். பேட்டரி, பிரிசம், ஸ்டாண்ட் போன்ற சில்லறைச் சாமான்களுக்கு இவ்வளவு கெடுபிடி இல்லை.

வேறு இடத்தில் ஏற்கெனவே வாங்கிவிட்டு இதைப் படித்துக் கலங்குகிறவர்கள் மெஷினைக் கடைக்குக் கொண்டு வாருங்கள். சீரியல் நம்பர் பார்த்துச் சொல்வதற்குக் காசு வாங்க மாட்டோம். குறி எதுவும் தெரிந்தால் உங்களிடம் மறைக்காமல் சொல்வோம், கடிதம் எழுதவும் உதவுவோம். ஞாயிறு தவிர எல்லா நாளும் கடை திறந்திருக்கும். பெட்டி, சார்ஜர், கையில் இருக்கும் காகிதம் எல்லாவற்றையும் சேர்த்து எடுத்து வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் சர்வே கருவிக் கடையினர்,
மார்த்தாண்டம்